மூட்டைச் சீட்டில் ஊர்ப் பெயர்

பூம்பாறை
12 ஜனவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தாரணி எழுதுகிறேன். முதலில் ஒரு சின்ன விஷயம். அதைச் சொல்லிவிட்டுத்தான் நலம் விசாரிக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன்.

வியாழக்கிழமை நான் வேலை பார்க்கும் உங்கள் கம்பெனியின் பெருமாள்மலைக் கொட்டகைக்கு ஒரு லாரி பூண்டு வந்தது. தண்டும் தாளுமாகக் கட்டிய பூண்டு, கட்டுக்குப் பத்து. ஒரு கட்டைக் கையில் எடுத்தேன். கயிறு இடப்பக்கமாகச் சுற்றியிருந்தது. இடப்பக்கம் இரண்டு சுற்று, நுனி கீழிருந்து மேலே செருகல். இன்னொன்றை எடுத்தேன். அதுவும் அப்படியே. லாரி முழுக்க அப்படியே.

நம் ஊரில் எல்லோரும் வலப்பக்கம்தான் சுற்றுவார்கள். அம்மாவுக்கு இடதுகைப் பழக்கம் என்பதால் அவள் மட்டும் மாற்றிச் சுற்றுவாள். அவளிடம் கற்றுக்கொண்டதால் நீயும் நானும் அப்படி. வேறு யாரும் இப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து தரம் பிரிக்கும் பாப்பம்மாள் அக்கா, "ஏத்தா, இதென்ன கண்ணாடியில பாத்துக் கட்டுன மாதிரி இருக்கு" என்று என் கட்டைப் பார்த்து எத்தனை நாள் சிரித்திருக்கிறாள். அன்று அவளும் சிரிக்கவில்லை. "ஒங்கம்மா எப்ப லாரி லாரியா கட்ட ஆரம்பிச்சா?" என்றாள்.

கொட்டகை மேனேஜர் முருகானந்தம் சார், "போன அறுவடைச் சரக்கு, கீழ குடோன்ல கெடந்துச்சு" என்றார். நான் மேலே எதுவும் கேட்கவில்லை. நான் எங்கே கேட்பேன்.

எத்தியோப்பியாவில் உங்கள் பண்ணையில் பூண்டை யார் கட்டுகிறார்கள் அண்ணா?

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. அப்பா வெள்ளனே எழுந்து இரண்டாம் போகப் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். வெட்டுவதற்கு மார்ச் ஆகும். மூன்று நாளாக உறைபனி. போனைக் கையில் கொடுத்தால் எனக்கு "ம்" தவிர வேறு எதுவும் வராது என்று உனக்குத் தெரியும், அதனால்தான் கடிதம். நீ சொன்னபடி கம்பெனித் தபால் பையில் போடுகிறேன். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை பை போகிறதாம்.

காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் தங்கை
தாரணி


பண்ணை எண் 2, எத்தியோப்பியா
2 பிப்ரவரி 2025

அன்புத் தங்கைக்கு,

வேல்ராஜ் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் முழங்கால், அப்பாவின் இருமல், உன் ஊமைத்தனம் மூன்றும் எப்படி இருக்கின்றன?

நீ கேட்டதற்குப் பெருமையாகவே பதில் சொல்வேன். கட்டுகிறவர்கள் இந்த ஊர்ப் பெண்கள். கற்றுக்கொடுத்தவன் நான். முதலில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டச் சொன்னார்கள். இரண்டே நாளில் தாள் வியர்த்து அழுகியது. நான் சணல் கயிற்றை எடுத்து உட்கார்ந்து, அம்மா கட்டுவதைப்போலக் கட்டிக் காட்டினேன். வொர்க்னேஷ் என்று ஓர் அக்கா, மூன்று பிள்ளைகளுக்குத் தாய், ஒரே காலையில் பிடித்துக்கொண்டாள். மதியத்துக்குள் மற்ற நாற்பது பேருக்கும் அவளே சொல்லிக்கொடுத்துவிட்டாள். அம்மாவிடம் சொல். அவள் கைப்பழக்கம் கடல் தாண்டிவிட்டது.

போன வாரம் முதலாளி ராஜமுருகன் வந்திருந்தார். அவர் அப்பா பொன்னுவேல் பழனி அடிவாரத்தில் காவடி எடுத்து வருகிறவர்களுக்கு விபூதியும் கற்பூரமும் விற்றவர். அந்தக் கடையிலிருந்து மசாலாப் பொடி, பொடியிலிருந்து கொழும்பில் ஓர் ஆலை, பிறகு துபாயில் குடோன், இப்போது இங்கே எண்ணூறு ஏக்கர் குத்தகை. பொன்னுவேல் குழுமத்துக்கு ஆறு நாட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். நம் ஊரில் இன்னும் "அடிவாரத்துக் கடைக்காரங்க" என்றுதானே சொல்கிறார்கள்.

முதலாளி எங்களை வரிசையாக நிற்க வைத்துச் சொன்னார்: "ஒரு காலத்துல எவனெவனோ கப்பல்ல வந்து நம்ம மலையில தோட்டம் போட்டான். இன்னைக்கு நாம கப்பலேறி வந்து தோட்டம் போடுறோம். கஷ்டப்பட்டு மேல வந்த நாட்டுக்காரனத்தான் இவங்களும் நம்புவாங்க." எனக்கு உடம்பு சிலிர்த்தது தாரணி. உரக்கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன் நான்.

விளைவது முழுவதும் துபாய் குடோனுக்குப் போகிறது. அங்கே யாரோ ஒருவர் அம்மாவின் கட்டை அவிழ்ப்பார்.

வேளைக்குச் சாப்பிடு. அப்பாவை வெறுங்காலோடு வயலில் இறங்க விடாதே.

அண்ணன்
வேல்ராஜ்


பூம்பாறை
18 பிப்ரவரி 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் எல்லோரும் சுகமாகிவிட்டோம். அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வொர்க்னேஷ் பெயரை மூன்று தடவை சொல்லச் சொல்லித் தானும் சொல்லிப் பார்த்தாள். பிறகு இடதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். "சின்னப் புள்ளையில இந்தக் கையில சூடு போட வந்தாரு எங்கப்பா" என்றாள்.

எனக்கு வேலை மாறியிருக்கிறது. பத்தாவது பாதியில் நின்றவளுக்கு இது பெரிய வேலை. ஒவ்வொரு மூட்டைக்கும் ஓர் அட்டைச் சீட்டு எழுதி வாயில் கோர்க்க வேண்டும். விவசாயி பெயர், ஊர், நிலத்தின் எண். வெளிநாட்டில் வாங்குகிறவர்கள் கொடைக்கானல் மலைப்பூண்டு என்றால் எந்த ஊர், யார் விளைவித்தது என்று பார்த்துத்தான் வாங்குகிறார்களாம். முருகானந்தம் சார் பெயர்ப் பட்டியல் கொடுத்தார். பன்னிரண்டு பெயர்கள். எட்டாவது பெயர் மலைச்சாமி, பூம்பாறை.

அப்பா பெயரை நாற்பது சீட்டில் எழுதினேன். அப்பாவின் பூண்டு இன்னும் மண்ணுக்குள் இருக்கிறது. கேட்கலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் சார், "எழுத்து முத்து முத்தா இருக்கு தாரணி" என்றார். யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. கேள்வி உள்ளேயே போய்விட்டது.

அந்த நாற்பது மூட்டையிலும் அம்மாவின் கட்டுத்தான் இருந்தது. நீ துபாய்க்குப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். எனக்கு இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நீ இருக்கும் ஊரின் பெயர் என்ன? கடிதத்தின் தலையில் எண்தான் போடுகிறாய்.

அம்மா உனக்குச் சுண்டைக்காய் வற்றல் போட்டு வைத்திருக்கிறாள். எப்படி அனுப்புவது என்று எழுது.

தாரணி


பண்ணை எண் 2, எத்தியோப்பியா
9 மார்ச் 2025

அன்புத் தங்கைக்கு,

நலம். இங்கே மழை முன்கூட்டியே வந்துவிட்டது. எனக்கு நான்கு நாள் காய்ச்சல், இப்போது தேறிவிட்டேன். புளித்த மாவில் பெரிய தோசை மாதிரி ஒன்று சுட்டு, நடுவில் பருப்பை ஊற்றி எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது. காப்பியை நம் ஆடலூர்க்காரர்களைவிட நன்றாக வறுக்கிறார்கள். வறுக்கும்போதே புகையை நம் முகத்துக்கு நேராக விசிறிவிட்டு மரியாதை செய்கிறார்கள்.

ஒரு டிராக்டர் புதிதாக வந்திருக்கிறது. கென்யாவிலும் நிலம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே பொறுப்பாளராக என் பெயரும் பேச்சில் இருக்கிறது என்று கேள்வி. அம்மாவிடம் இப்போதே சொல்லாதே, முடிவானதும் நானே சொல்கிறேன்.

சரக்கு எந்த ஊருக்குப் போகிறது என்ற கப்பல் விவகாரம் எல்லாம் எனக்குத் தெரியாது. நீ சீட்டு எழுதுவதோடு நிறுத்திக்கொள். பையில் போடும் கடிதத்தில் வீட்டு விஷயம் மட்டும் எழுது.

சுண்டைக்காய் வற்றலை நீங்களே சாப்பிடுங்கள்.

அண்ணன்
வேல்ராஜ்


பூம்பாறை
26 மார்ச் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் காய்ச்சல் போனதில் அம்மாவுக்கு நிம்மதி. இந்தக் கடிதத்தைப் பையில் போடவில்லை. நம் ஊர்த் தபாலாபீசில் ஒட்டி அனுப்புகிறேன். போஸ்ட் மாஸ்டர் எத்தியோப்பியாவை எந்தப் பக்கம் தேடுவது என்று கொஞ்ச நேரம் தவித்தார். வீட்டு விஷயம் மட்டும் எழுதச் சொன்னாய். இதுவும் வீட்டு விஷயம்தான்.

அப்பா பூண்டு வெட்டிவிட்டார். நல்ல பல், நல்ல நிறம். திங்கட்கிழமை வாடகை ஜீப்பில் முப்பத்தைந்து மூட்டை ஏற்றிக்கொண்டு கொட்டகைக்கு வந்தார். நான் உள்ளே சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

முருகானந்தம் சார் நோட்டைப் புரட்டிவிட்டு, "மலைச்சாமி, ஒங்க நெலத்துக்கு உள்ள அளவு முடிஞ்சிருச்சே. இந்தப் போகத்துக்கு நாப்பது மூட்டை ஏற்கனவே வாங்கியாச்சு. இதுக்கு மேல ஒங்க பேர்ல வாங்குனா, இம்புட்டு நெலத்துல எப்படி வெளஞ்சுச்சுன்னு ஆடிட்டர் கேப்பாங்க" என்றார்.

"யாருங்க குடுத்தா? இப்பத்தான் வெட்டிக் கொண்டாந்திருக்கேன், வேர்ல மண்ணுகூடக் காயல."

"பதிவு இருக்குல்ல. சீட்டப் பாருங்க. ஒங்க மக எழுதுனதுதான்."

அப்பா சீட்டை வாங்கினார். அவருக்குத் தன் பெயரும் ஊர்ப் பெயரும் மட்டும் படிக்க வரும். இரண்டும்தான் அதில் இருந்தன. படித்துவிட்டு என்னைத் தேடிப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன். அப்பா திட்டவில்லை. "நல்லாத்தேன் எழுதியிருக்க ஆத்தா" என்றார்.

ஜீப்பைத் திருப்பி, அப்படியே மலை இறங்கி வடுகபட்டிச் சந்தையில் சாதாரணப் பூண்டாகப் போட்டுவிட்டு வந்தார். பட்டியலில் இருந்த மற்ற பதினொரு பேருக்கும் அதே கதைதான். அவர்கள் பெயரையும் நான்தான் எழுதினேன்.

எனக்கு வேறு எதுவும் வேண்டாம் அண்ணா. அந்தக் கட்டெல்லாம் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று பெயர் மட்டும் எழுது.

தாரணி


பூம்பாறை
24 ஏப்ரல் 2025

அண்ணனுக்கு,

சுகம். உன்னிடமிருந்து ஒரு மாதமாகக் கடிதம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போனில் அம்மாவிடம் எல்லாம் பேசினாயாம், என்னைக் கேட்கவில்லையாம்.

அப்பா அதைப்பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கொட்டகை வேன் நம் வளைவில் ஹாரன் அடிக்கும்போது மட்டும் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுகிறார்.

போன வாரம் அடுத்த லாரி வந்தது. முருகானந்தம் சார் புதுப் பட்டியல் கொடுத்தார். நான் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். "என்ன, மை இல்லையா?" என்றார். "மேலுக்கு முடியலையா?" தலையை ஆட்டினேன், இல்லை என்று. "பெறகு?"

பிறகு என்ன என்று எனக்குச் சொல்ல வரவில்லை. பட்டியலை அவர் மேசையில் திருப்பி வைத்தேன்.

"பத்தாவதுகூட முடிக்கல, ஒனக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்றார். பாப்பம்மாள் அக்கா அங்கிருந்தே, "அதுதாங்க சார், பத்தாவது முடிக்காத புள்ளைக்கே தப்புன்னு தெரியுது, நீங்க பி.காமு" என்றாள். இரண்டு பேரையும் தோல் உரிக்கிற பக்கம் மாற்றிவிட்டார். விரல் நுனியெல்லாம் எரிகிறது. அக்கா விடாமல் அவரைப்போலவே பேசிக் காட்டிக்கொண்டிருக்கிறாள், அதனால் பொழுது போகிறது.

ஊர்ப் பெயர் இன்னும் வரவில்லை.

தாரணி


பண்ணை எண் 2, எத்தியோப்பியா
6 மே 2025

தாரணிக்கு,

சுகம். உன் மார்ச் கடிதம் மூன்று வாரமாக என் சட்டைப்பையில் இருக்கிறது. உனக்கு என்ன தெரியும் என்று இவ்வளவு எழுதுகிறாய்?

கன்டெய்னர் பெட்டகத்தை லாரியில் ஏற்றியதோடு என் வேலை முடிகிறது. அதன் முதுகில் எந்தத் துறைமுகம் எழுதியிருக்கிறது என்று படிப்பது என் வேலை அல்ல. படித்தாலும் அதை ஊருக்கு எழுதுவது என் வேலை அல்ல.

ஆடலூரில் விளையும் காப்பியும் மிளகும் எந்தெந்த நாட்டுப் புட்டிகளில் எந்தப் பெயரில் விற்கின்றன என்று யாராவது போய்க் கேட்டார்களா? பெரிதாக வளர்ந்தவன் எல்லாம் இப்படித்தான் வளர்ந்தான். நூறு வருடம் கப்பலில் வந்தவர்கள் செய்தபோது அது வியாபாரம். பழனி அடிவாரத்துக் கடைக்காரர் மகன் செய்தால் மட்டும் திருட்டா? இந்தக் குழுமம் விழுந்தால் யார் சிரிப்பார்கள் என்று நினைத்துப் பார். எனக்கு வேலை கொடுத்தது யார்? நம் ஊரில் எனக்கு என்ன வைத்திருந்தார்கள்?

கென்யா இந்த ஆடியில் முடிவாகும். உனக்குப் பதினேழு வயது. சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு வேனில் ஏறி வீட்டுக்குப் போ. அப்பாவுக்கு அடுத்த போகத்தில் சரிசெய்து தரச் சொல்லி நான் பேசுகிறேன்.

வொர்க்னேஷ் நேற்று என்னிடம் ஒன்று கேட்டாள். அதைப் பிறகு எழுதுகிறேன், முடிந்தால்.

அம்மாவிடம் எதையும் சொல்லாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

வேல்ராஜ்


பூம்பாறை
25 மே 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லோரும் சுகம். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கு எப்போதோ தெரியும். கொட்டகைப் பூண்டு ஒரு கட்டு அவள் கைக்கு வந்தது, பார்த்தாள், அவ்வளவுதான். யாருடைய கட்டு என்று அவளுக்கு யார் சொல்ல வேண்டும்.

நீ கோபமாக எழுதிய கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உன்னைப்போல எனக்கு எழுதத் தெரியாது. ஆனால் ஒன்று தெரிகிறது. நீ சொல்கிற அந்த யாரோ நம் ஊர்களின் பெயரைப் பிடுங்கினார்கள். இப்போது நாமும் பிடுங்குகிறோம். பிடுங்குகிற இடத்துக்கு வந்துவிட்டோம் என்பதுதான் வளர்ச்சியா? அப்பா தன் பூண்டைத் தன் பெயரில் விற்க முடியவில்லை. வொர்க்னேஷ் விளைவித்த பூண்டு வொர்க்னேஷ் பெயரில் இல்லை. ஒரே மூட்டையில் இரண்டு பேர் பெயரும் போய்விட்டது. மிச்சம் இருப்பது கடைக்காரர் பெயர் மட்டும்தான்.

குழுமம் விழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆறு நாடு அறுபது நாடு ஆகட்டும். அந்த ஊர்ப் பூண்டை அந்த ஊர்ப் பெயர் போட்டு விற்கட்டும். அம்மா கட்டோடு விற்றாலும் எங்களுக்கு ஒன்றுமில்லை.

உனக்கு ஒரு கதை சொல்ல வேண்டும். முதலாளி ராஜமுருகன் போன புதன்கிழமை கொட்டகைக்கு வந்தார். கேமராக்காரர்கள் இரண்டு பேர் கூட வந்தார்கள். வெளிநாட்டு விளம்பரத்துக்கு ஒரு விவசாயி மகள் வேண்டுமாம். முருகானந்தம் சார் என்னைத் தோல் குவியலிலிருந்து எழுப்பிக் கொண்டுபோய் நிறுத்தினார். பாவாடை தாவணி கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். நான் எப்போது அண்ணா தாவணி கட்டியிருக்கிறேன். கையில் ஒரு கட்டுப் பூண்டு கொடுத்து, "இது எங்க அப்பா தோட்டத்துல வெளஞ்ச பூண்டு" என்று சொல்லச் சொன்னார்கள். அந்த ஒரு வரிதான்.

நான் சொல்லவில்லை.

ஒன்பது தடவை கேமராவை ஓட்டினார்கள். முதலாளி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "பயப்படாத தாயி, வீட்ல பேசுற மாதிரி பேசு" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். மறுபடியும் நிறுத்தினார்கள். வாய் திறக்கவில்லை. கடைசியில் அவர் சிரித்து, "பாவம், புள்ளைக்கு வெக்கம்" என்றார்.

பாப்பம்மாள் அக்கா வாசலில் நின்று, "அது வெக்கமில்லீங்க மொதலாளி. வெக்கம்னா தலையக் குனியும்" என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன், நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன்.

இதுநாள்வரை பேச வராதது எனக்கு ஒரு குறை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை முதல் வாரம் பெங்களூரிலிருந்து ஆடிட்டர் வருகிறார்களாம். முருகானந்தம் சார் மறுபடியும் என்னைச் சீட்டுக்குக் கூப்பிடுகிறார். பழைய சீட்டெல்லாம் என் எழுத்தில் இருப்பதால், புது எழுத்து வந்தால் ஆடிட்டர் சந்தேகப்படுவார்களாம். எழுதுகிறேன் என்று தலையாட்டியிருக்கிறேன். அதற்குள் உன் பதில் வர வேண்டும். நீ அனுப்பாவிட்டால் ஊர் என்ற இடத்தில் கோடு போட்டுக் கொடுப்பேன். பூம்பாறை என்று எழுத மாட்டேன்.

உன் வேலை போகும் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். அதனால்தான் உன்னைக் கேட்காமல் செய்ய மனம் வரவில்லை.

தாரணி


கொரே மெடா, எத்தியோப்பியா
13 ஜூன் 2025

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

கடிதத்தின் தலையைப் பார்த்திருப்பாய். 'மெடா' என்றால் இங்கே மாடு மேயும் வெளி. நாங்கள் வேலி போட்ட பிறகு மாடுகள் மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன.

வொர்க்னேஷ் கேட்டதை எழுதிவிடுகிறேன். "நாங்க கட்டி அனுப்புறத வாங்குறவங்களுக்கு எங்க ஊரு நல்ல ஊருன்னு தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு பாத்திரம் நிறையப் பார்லி வறுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் முழுப் பெயர் வொர்க்னேஷ் தெஸ்ஸேமா. தெஸ்ஸேமா அவள் அப்பா பெயர். நம் ஊர் வழக்கம்தான். இந்த ஊர் எழுத்திலும் ஆங்கிலத்திலும் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

என் கம்பளிகளைத் துவைத்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். இங்கே இனிமேல் அவற்றுக்கு வேலை இருக்காது என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் சுண்டைக்காய் வற்றலை எடுத்து வைக்கச் சொல்.

உன் அண்ணன்
வேல்ராஜ்


பூம்பாறை
4 ஜூலை 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

கடைசியில் எழுத வேண்டியதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். அம்மா சுகம். அப்பா சுகம். அடுத்த போகம் நட்டாகிவிட்டது. வற்றல் டப்பாவை அம்மா மேல்தட்டில் ஏற்றி மூடி வைத்திருக்கிறாள். பஸ் வளைவில் வந்து நிற்கிறாயா, ஜீப் பிடித்து வருகிறாயா என்று அப்பா கேட்கச் சொன்னார். இங்கே ஜூலையில் வெயில் கிடையாது என்பது உனக்கு மறந்திருக்காது, கம்பளியைப் பெட்டிக்கு மேலேயே வை. உன் தங்கை தாரணி.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. ஆடிட்டர் புதன்கிழமை வந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு மேடம், தமிழ் கொஞ்சம் பேசுகிறார்கள். முருகானந்தம் சார் அறுபது மூட்டையை வரிசையாக அடுக்கி, என்னை ஸ்டூலில் உட்காரவைத்து, பட்டியலையும் அட்டைகளையும் கொடுத்தார். "மேடம் முன்னாடியே எழுது, அப்பத்தான் நம்புவாங்க. பழைய மாதிரியே" என்றார்.

பட்டியலைக் கவிழ்த்து வைத்தேன். முதல் அட்டையில் விவசாயி என்ற இடத்தில் வொர்க்னேஷ் தெஸ்ஸேமா என்று எழுதினேன். ஊர் என்ற இடத்தில் கொரே மெடா. நிலத்தின் எண் தெரியாததால் அந்த இடத்தில் எத்தியோப்பியா. கீழே ஆங்கிலத்திலும் எழுதினேன். பழகாத பெயர் என்பதால் 'மெடா' கொஞ்சம் கோணிவிட்டது.

மூட்டையில் கோர்த்ததும் மேடம் குனிந்து படித்தார்கள். "இந்த ஊர் எங்கே இருக்கு?" என்றார்கள்.

"புது புள்ளைங்க மேடம், தெரியாம எழுதிருச்சு" என்று முருகானந்தம் சார் வெரசாக வந்தார். என் பக்கம் குனிந்து, "கிழிச்சுப் போடு. ஒங்க அண்ணன் சோலி போயிரும், தெரியுமில்ல?" என்றார்.

நான் தலையாட்டினேன், தெரியும் என்று.

தோல் உரிக்கும் பக்கம் எல்லோரும் கையை நிறுத்திவிட்டார்கள். பாப்பம்மாள் அக்கா எழுந்து வந்து, "மேடம், இந்தப் பூண்டு அந்த ஊருதான். எங்க ஊருப் பூண்டு வடுகபட்டிக்குப் போயிருச்சு, போயிப் பாருங்க" என்றாள். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்கள். சீட்டைப் படம் எடுத்தார்கள். பிறகு என்னிடம், "இது நீ எழுதினதாம்மா? உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்கள்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். என்னென்னவோ சொல்லலாம் என்று இருந்தது. உன்னைப்பற்றி, அம்மாவைப்பற்றி, அப்பா பெயரை எழுதிய அந்த நாற்பது சீட்டைப்பற்றி. அவற்றையும் ஒருநாள் நானே சொல்வேன்.

அப்போது ஐம்பத்தொன்பது மூட்டை மீதி இருந்தது. அடுத்த அட்டையை எடுத்து, ஊர் என்ற இடத்தில், இந்தத் தடவை கோணாமல், கொரே மெடா என்று எழுதினேன்.